சிவப்பு அம்பு ஒட்டிய அட்டை

2006 ஆகஸ்ட் 12, சனி

எட்டு வருடமாக எங்கள் ராக் பேண்டில் டிரம்ஸ் அடிக்கிறேன். ஒரு நாளும் மைக் என் பக்கம் வந்ததில்லை. இப்போது நானே எழுதிப் பாடிய ஒன்பது பாட்டு ஒரு சிடியில் இருக்கிறது.

எங்கள் பாடகன் பிரபு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவான். இன்று டீ நேரத்தில் கம்பெனி வாசலில் அவன் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டிலேயே கழற்றிவிட்டான்.

"ஏண்டா, பாட்டுக்குள்ள நிட்டிங் மெஷின் ஓடுது?"

மண்ணரைப் பகுதியில் நான் பாடிப் பதிவு செய்த என் அறைக்கு அடுத்த சுவரே பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்தான். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் நான் பாடவே முடியாது. அதனால் அந்தச் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாடினேன் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து, அச்சுக்குக் கொடுக்க வைத்திருந்த சிடி அட்டையில், என் போட்டோவில் முகத்துக்கு நேராக ஒட்டினான்.

"ரிஜெக்ட்டு. டிரம்ஸ் அடிக்கறவனுக்கு எதுக்குடா பாட்டு?"

கோபத்தில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். ஐநூறு அட்டை அடிக்க நேராக அச்சகத்துக்குப் போனேன். அச்சக அண்ணன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஸ்டிக்கர உரிச்சுப்போட்டு ஸ்கேன் பண்ணட்டுங்களா?"

"வேண்டாமுங்கண்ணா. அதோடயே அடிங்க."

"ஐநூறுலயும் அம்பு இருக்கோணுமுங்களா?"

"ஐநூறுலயும் இருக்கோணுமுங்க."

நாளைக்கு பேண்ட் பிராக்டிஸ். என்னைக் கூப்பிடுவார்களோ, என்னவோ. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அம்பு என் முகத்தைத்தானே காட்டுகிறது? காட்டட்டும்.