சின்னசாமியின் ஒயர் நோட்டு

தை 5, திங்கள்

கிழக்குக் காற்று. தாள் பறக்கிறது, மேலே செம்பு வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் கோணல், ஒரு ‘ழ’ மூன்று வரி இடம் பிடிக்கிறது. மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேனோ! அறுபத்தெட்டு வயதில் எழுதுகிறேனே, அந்தச் சந்தோஷம் போதும். சொல்லிக்கொடுத்தது மருமகள் பொன்னம்மா.

காலையெல்லாம் மகன் சின்னசாமியின் நோட்டு. கோயமுத்தூர் மில்லில் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தான். காமாலையில் அவன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். இந்த நோட்டைப் படிக்கத்தான் எழுத்துக் கற்றேன். இன்று ஒரு பக்கம் நானே படித்தேன்:

தடித்த ஒயர் கரண்டு. தட்டை ஒயர் சேதி. சேதி ஒயர் இரண்டு. அச்சடிக்கும் மெஷினுக்கு இடத்து மாடு. அட்டை படிக்கும் மெஷினுக்கு வலத்து மாடு. முதலில் சேதி, பிறகு கரண்டு.

அதற்குள் காபி ஆறிவிட்டது.

தை 6, செவ்வாய்

மில் ஆபீசர் காரில் வந்தார். கம்ப்யூட்டரைப் புது அறைக்கு மாற்றினார்களாம். கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. நோட்டைக் கேட்டார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"குடுங்க மாமா, திருப்பித் தந்துருவாங்க" என்றாள் பொன்னம்மா. கொடுத்தேன்.

தை 9, வெள்ளி

மாமரத்துக்கு மருந்து அடிக்கவில்லை. ஆபீசர் மறுபடியும். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெரியவரே, உங்க பையன் எழுதுனபடியேதானுங்க மாட்டுனோம். ஓடலீங்க. தப்பா எழுதிட்டாரு, பாவம். ஆபீசுல ஏதுங்க மாடு?"

கார் டிரைவர் சிரித்தான். நான் படித்த முதல் எழுத்து அவனுடையது. அதுவா தப்பு?

"எடது வலது பாக்கறப்ப எங்கீங்க நின்னீங்க?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு முன்னாடி நின்னு சாக்பீசுல குறி போட்டமுங்க."

"அது ஏர்ல பூட்டற எடத்து மாடு, வலத்து மாடுங்க. ஏர் ஓட்டறவன் மாட்டு மூஞ்சிக்கு முன்னாடியா நிப்பானுங்க? பொறத்தால நின்னு பாருங்க. எல்லாம் மாறிப்போகுமுங்க."

டிரைவர் சிரிப்பை நிறுத்தினான். ஆபீசர் காரில் ஏறினார்.

தை 14, புதன்

காற்று இல்லை. தபாலில் ஒரு கவர். மெஷின் அச்சடித்த தாள், இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக. கூடவே ஆபீசர் கையால் சீட்டு: "மெஷின் ஓடுகிறது. சின்னசாமி எழுதியது சரி."

பொன்னம்மா படிக்காமல் என்னிடம் தந்தாள். சத்தமாகப் படித்தேன். "கடைசி வார்த்தைய இன்னொருக்கா படிங்க மாமா." படித்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டு மாதத்தில் அவன் பேரைச் சொல்லி ஆள் வந்தது அந்த இரண்டு நாள்தான். இனி அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை எழுதுகிறேன். முன்பெல்லாம் கோயமுத்தூர் பஸ்ஸில் அவன் வருகிற நாள் அது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.