கோட்டையை விட்டு வயலுக்கு வந்த ஆட்டம்

மருதமுனை
11.08.2024

அன்பின் மச்சான் அஸ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பாலைவன வெயிலிலும் ரப்பு உன்னைச் சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீ என்னோடு பேசி மூன்று மாதமாகிறது, அதனால் அப்படி எழுத முடியவில்லை.

என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும். அதனால்தான் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் அபுல் ஹஸன் காக்காவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழி.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. சிறுபோக அறுவடை தொடங்கிவிட்டது, வெட்டும் மெசினுக்கு ஆளாளுக்கு அடிபாடு. நம் கூட்டாளி சுஜிந்தன் நாவிதன்வெளியில் வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டான், குடிபுகுதலுக்கு நீ இல்லையே என்று புலம்புகிறான். என் தங்கச்சி பஹ்மிதா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினால் ஒன்றைத்தான் சொல்கிறாள்: “நீங்க கதை நடத்தல்ல காக்கா, அந்த மனிசன்ட புண்ணக் கிண்டிப் பாத்திருக்கீங்க.”

அவள் சொல்வது சரி. ஆனால் புதுக் களம் வேண்டும் என்று முதலில் கேட்டவளும் அவள்தான். பத்து வருடமாக நான் கதை சொல்ல, நீங்கள் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டினீர்கள். கோட்டை, வாள், தீ கக்கும் பறவைநாகம், முழங்காலளவு பனி. நம்மில் எவன் பனியைக் கண்டான்? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் காண்பதுதான். அலுத்துவிட்டது என்றாள். சுஜிந்தன் விண்கப்பல் கேட்டான். இரண்டு வாரம் ஓட்டினோம், அவன் அதையும் மாட்டுவண்டி மாதிரித்தான் ஓட்டினான். பிறகு எஞ்சின் நின்று நடுக்கடலில் மிதக்கும் பலநாள் மீன்பிடிப் படகு. அதில் நீதான் படகோட்டி, குடிதண்ணீரைப் பங்கிட்டு எல்லோரையும் கரை சேர்த்தாய். அந்த நாட்களில் நீ சிரித்ததுபோல நான் கண்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் கதையை இன்னும் கிட்ட, நம் ஊருக்கே கொண்டுவந்தேன்.

குளத்தருகே ஒரு வயல், காவல் குடில், முற்றிய கதிர், காட்டு விளிம்பில் யானைகள், தனியே ஒரு விவசாயி. ஊருக்கு வேறு பெயர் வைத்தால் போதும் என்று நினைத்தேன். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியாருக்கு அவ்வளவுதான் மூளை. நீ தோஹா போன நாளிலிருந்து திரையில்தான் நம்மோடு விளையாடுகிறாய். அன்றும் திரையிலிருந்து, அந்த விவசாயியின் மகன் நான் என்றாய். ஊருக்குப் போக வழி திறந்திருந்தும், “நான் போகல்ல. வாப்பாவோட நிக்கிறன்” என்றாய். அப்போதே நான் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

உன் வாப்பாவை யானை அடித்த அன்று நீ எங்கே இருந்தாய் என்பது நம் நால்வருக்கும் தெரியும். அந்தப் பின்னேரம் அவர் உன்னை இறக்காமத்து வயல் காவலுக்கு வரச் சொல்லியிருந்தார். நீ எழும்பினாய். கோட்டைக் கதவு திறக்கிற நேரம், இன்னும் ஒரு சுற்று என்று உன் கையைப் பிடித்து உட்கார வைத்தவன் நான். பகடை என்றால் சூது என்று ஊர் பேசும் என்பதற்காக, மேலதிக வகுப்பு என்று பொய் சொல்லித்தானே கூடினோம். மஃரிபுத் தொழுகை நேரம் உன்னைத் தேடி அலைந்தவர்கள் வகுப்புக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே நீ இல்லை. வாப்பாவை நீ பார்த்தபோது கபன் துணி உடுத்தி முடிந்திருந்தது. ஒன்பது வருடமாக நீ என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

நம் ஆட்டத்தில் உன் பகடையை இங்கே நான்தான் உருட்டுவது. யானை குடிலுக்கு வந்ததும் அந்த இருபது முகக் கட்டையை உருட்டினேன். பதினெட்டு, வெல்கிற எண் என்று சொன்னேன். மகன் நின்றதால் யானை திரும்பிப் போனது, தகப்பன் பிழைத்தார் என்று கதையை முடித்தேன். உனக்கு ஒரு நல்ல முடிவு தந்துவிட்டதாக நினைத்தேன், மடையன். கோட்டைக் கதையில் ஓர் அரசனைக் காப்பாற்றினால் யாருக்கும் நோவதில்லை. இங்கே நான் உன் முகத்துக்கு நேரே சொன்னது, நீ நின்றிருந்தால் வாப்பா இருந்திருப்பார் என்று. நீ கமராவை மூடிவிட்டாய்.

மச்சான், விழுந்தது பதினெட்டு இல்லை. இரண்டு. நான் பொய் சொன்னேன். பிளாஸ்டிக் கட்டை அல்லாஹ் எழுதிய விதியை, அவனுடைய கத்ரை அறியாது, அதை ஆதாரமாகவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினெட்டை நீ நெஞ்சில் சுமக்கிறாய் என்றால், அது என் வாயில் பிறந்த எண் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு உன் உம்மாவிடம் போனேன். நீ உம்மாவின் அழைப்பையும் எடுப்பதில்லையாம். இந்த வருடமும் லீவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம். மாமியிடம் ஒன்றும் மறைக்கவில்லை. வகுப்பு என்று சொன்ன பொய், பகடை, அன்று உன்னை மறித்தது நான் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார், அழுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மாமி தேத்தண்ணி வைத்துத் தந்தார். ஒன்றைத் தவிர எல்லாம் தனக்கு எப்போதோ தெரியும் என்றார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“மகன், அண்டைக்கு அவனும் அங்க நிண்டிருந்தா இந்த வாசலால ரெண்டு சந்தூக்குப் பெட்டி போயிருக்கும். ஒண்டத் தூக்கக் குடுத்துட்டன், மிஞ்சின அவனயும் அவ்வளவு தூரத்திலயா வெச்சிருக்கிற? அவன மறிச்ச கைக்கு நான் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆக் கேட்டிரிக்கன். ஆர்ர கையெண்டு மட்டும் தெரியாம இருந்திச்சு.”

நான் அந்த வீட்டில் அழுதேன் அஸ்பாக். வெட்கமில்லாமல் அழுதேன்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். என் எண்ணும் அடைபட்டே கிடக்கட்டும். உம்மாவின் அழைப்பை மட்டும் எடு. அஸர் தொழுகைக்குப் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார், நீ எடுக்கும்வரை இருப்பார். உன் வாப்பாவின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. உன்னை உயிரோடு வைத்திருக்கும் அவனே உன்னை உம்மாவின் கண்முன் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

என்றும் உன்,
முனாஸ்