அம்மாவிடம் கேட்காத கேள்வி

11 பெப்ரவரி 2004, புதன்

பனியில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இன்று இடுப்பில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான்தான் மொழிபெயர்த்தேன். அம்மா கர்ப்பமா என்று படம் எடுக்கும் ஆள் கேட்டார். அவர் முன்னால் அதைக் கேட்க எனக்கு வெட்கம். இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டா.

"அசையாமல் படுக்கட்டாம்."

படம் எடுப்பவர் மட்டும் சுவருக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினார்.

இரவு அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது கேட்டது. "இஞ்சருங்கோ, எனக்கு நாள் தள்ளிப்போச்சு."

எக்ஸ்ரே கதிர் சதையை எளிதாகக் கடந்துவிடும், எலும்புதான் அதிகம் தடுக்கும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது. வயிற்றில் இருக்கும் அவ்வளவு சின்னதுக்கு, கதிரைத் தடுக்க, எலும்பு வந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம். அம்மாவின் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. அது அணைவதற்குள் எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும்.