ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் ஏறும் படகு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “அண்ணி, இன்னா கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருகிற சேகருக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் தயாளனை அடித்துவிட்டேன். கையால் இல்லை, அகப்பையால். கொதிக்கிற கஞ்சியில் கிடந்த அகப்பை. இடது கன்னத்தில் விழுந்தது. முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், தெரிந்தேதான் அடித்தேன். பிறகாவது வருத்தம் வரட்டும் என்று சந்நிதியில் நின்று பார்த்தேன். வரவில்லை.

இந்தக் கடிதத்தை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் போடப்போகிறேன். தயாளனும் படிப்பார். படிக்கட்டும். உன்னைப் பார்க்காத புது உறுப்பினர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் உனக்கே சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ என் வீட்டுக்காரரின் தம்பி. புதுச்சேரியில் ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பாய்ப்படகின் வார்ப்பு அச்சை லாரியில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்தாய். ஒரு பாய்மரம், ஒரு சுக்கான், இரண்டு பேர் உட்கார இடம். அந்த அச்சில் வார்க்கிற படகுக்கெல்லாம் ‘மைனா’ என்று பெயர் வைத்தாய். கடல் இல்லாத ஊரில் பாய்ப்படகா என்று தெருவே சிரித்தது. நீ கோமுகி அணைத் தண்ணீரைக் காட்டினாய். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற காற்றைக் காட்டினாய். அப்பாவும் மகளும், கணவனும் மனைவியும் ஓட்டுகிற படகு என்று சொல்லிச் சொல்லியே கோவாவுக்கும் போபால் ஏரிக்கும் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் மைனாக்களை அனுப்பினாய். மைனா ஓட்டுகிறவர்களுக்கென்று அகில இந்தியச் சங்கம் பதிவானது. தலைமை அலுவலகம் என் வீட்டுக் கூடம். செயலாளர் நான்.

“நான் எட்டாங்கிளாஸோட நின்னவடா” என்றேன்.

“வூட்டுக் கணக்க உங்கள மாதிரி எவன் அண்ணி எழுதறான்? சங்கம்னா அதான். மீதியெல்லாம் சும்மா பேச்சு” என்றாய்.

விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே ஆங்கிலம் கற்றேன். போனில் திட்டு வாங்கியே இந்தி கற்றேன். கோவாக்காரர் ஒருவர் கள்ளக்குறிச்சி எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ “கரும்புக் கடற்கரைன்னு சொல்லுங்க” என்றாய். சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

மைனாவில் ஒரே குடும்பத்து இருவர்தான் ஏற வேண்டும் என்பது முதல் விதி. குடும்பம் என்றால் யார் என்று சண்டை வந்தது. ரத்த உறவு என்றார் ஒருவர். ரேஷன் கார்டு என்றார் இன்னொருவர். நீ “ஒரே அடுப்புல பொங்கி ஒரே பானையில துன்றவங்க. எழுதுங்க அண்ணி” என்றாய். எழுதினேன். அதிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது. தேசியப் போட்டிக்கு முந்தின மாலை ஒவ்வொரு குடும்பமும் கரையில் அடுப்பு மூட்டும். படகை அளக்கும் பெரியவர் பாயை அளந்து, எடை பார்த்து, கடைசியில் அடுப்படிக்கு வருவார். படகில் ஏறப்போகும் இருவரும் ஒரே பானையிலிருந்து சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பச்சைச் சீட்டை ஒட்டுவார்.

அந்த விதியைச் சொன்னபோது ஒன்றை நினைத்துப் பார்த்தாயா? அதற்கு முந்தின மாதம்தான் நீயும் உன் பெண்டாட்டி செல்வியும் தனிக்குடித்தனம் போயிருந்தீர்கள். அடுப்பு இரண்டாகிவிட்டிருந்தது. நான் உன் குடும்பம் இல்லை என்று என் கையாலேயே எழுதவைத்தாயே, தெரிந்துதான் செய்தாயா? நீ உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை. தினமும் என் வீட்டுக் குழம்பைக் கேட்டு வருகிறவனிடம் எப்படிக் கேட்பது?

போன கார்த்திகையில், ஒரு மழைக்குச் சற்று முன்னால், மலையிலிருந்து அந்தக் காற்று விழுந்தது. புதுப் பாயைச் சோதிக்கிறேன் என்று தனியாகப் போயிருந்தாய். பாயின் அடியோரத்தில் அலுமினியக் கம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பக்கம் மாறினால் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு அரிவாள் மாதிரி வீசும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் “குனி, குனி” என்று தொண்டை கிழியக் கத்துவாய். அன்று உனக்குக் கத்த ஆள் இல்லை. பொட்டில் அடித்தது.

உன் பட்டறையில் படகுகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் பொன்னிதான் நீந்திப்போய் உன்னை இழுத்து வந்தாள். உன் காதிலிருந்து வந்த ரத்தம் என் முந்தானையை நனைத்தது. வண்டி ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள் நீ முடிந்துபோனாய். வழி முழுக்க முருகா, முருகா என்று கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் பூஜை மாடத்திலிருந்த முருகனின் வேலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். காரியம் முடியும்வரை அது அப்படியேதான் இருந்தது.

உன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? கடப்பாரையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார், உன்னைக் கொன்ற படகை உடைக்க. முதல் குத்திலேயே முன்பக்கம் பிளந்துவிட்டது. இரண்டாவதை ஓங்குவதற்குள் செல்வி ஓடிவந்து படகின்மேல் குப்புற விழுந்தாள். “மொதல்ல என் மேல போடுங்க மாமா” என்றாள். அவர் கடப்பாரையை எறிந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு செல்வி சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன சோறெல்லாம் தூக்குவாளியில் அப்படியே திரும்பியது. ஒரு நாள் காலை பொன்னி துணிமூட்டையோடு போய் நின்றாள். வெள்ளிமலைப் பக்கத்துப் பெண், பேச்சு எப்போதும் வெட்டு ஒன்றுதான். “இனிமே இங்கதான் துன்னுகினு இங்கதான் படுத்துக்கினு இருக்கப்போறேன். எங்க சாமை இருக்குது?” என்று கேட்டுவிட்டு அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குத்தான் செல்வி வாய் திறந்து கஞ்சி குடித்தாள். படகின் பிளவை இருவருமாகச் சேர்ந்து ஒட்டினார்கள். தை மாதம் கோமுகியில் நடக்கும் தேசியப் போட்டியில் உன் படகைச் செல்வி பொன்னியோடு சேர்ந்து ஓட்டுவாள் என்று முடிவானது. அந்தப் படகு ஓடினால் செல்வி எழுந்துவிடுவாள், நின்றால் அவளும் நின்றுபோவாள் என்று எனக்குத் தெரிந்தது. வேறெதையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

தயாளனை உனக்குத் தெரியும். சென்னையில் பாய்ப்படகுப் பயிற்சி நடத்துகிறவர். தேர்ந்த ஆட்களை ஜோடி ஜோடியாக இறக்கிக் கோப்பை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. உன் அடுப்பு விதி அதற்குக் குறுக்கே நின்றது. இந்த வருடம் நீ இல்லை என்று தெரிந்து, பொதுக்குழுவில் விதியைத் தூக்கிவிட ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

போட்டிக்கு முந்தின மாலை அணைக்கரையில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. நான் தைப்பூச விரதம். உனக்காக எடுத்தது. பகல் முழுக்கத் தண்ணீர்தான். செல்வியின் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தயாளன் தன் ஆட்களோடு வந்து நின்றார்.

“இது ரெண்டும் எந்தக் கணக்குல ஃபேமிலி? முதலாளியம்மாவும் வேலைக்காரியும்.”

“வேலக்காரின்னு யாரு சொன்னது? கூலி வாங்கி நாளாவுது சார்” என்றாள் பொன்னி.

“அப்ப என்ன உறவு?”

“கஞ்சி உறவு. ஒனக்கும் ஒரு வாய் ஊத்தட்டுமா? மூஞ்சி காஞ்சிகினு கீது.”

சுற்றியிருந்த அடுப்புகளிலெல்லாம் சிரிப்பு. தயாளனுக்கு முகம் சிவந்தது. “சமையல் போட்டி நடத்துறீங்களா, ரேஸ் நடத்துறீங்களா? புருஷனை முழுங்குன படகுல பொண்டாட்டி சவாரி வர்றா. இதைப் பார்க்கத்தான் நான் மெட்ராஸ்லேர்ந்து வந்தேனா?” என்று சொல்லிப் பானையை எட்டி உதைத்தார்.

கொதிக்கிற கஞ்சி செல்வியின் இரண்டு பாதத்திலும் கொட்டியது. அவள் போட்ட அலறல் மலைவரைக்கும் போயிருக்கும். நான் அகப்பையை ஓங்கியது அப்போதுதான்.

அதன்பிறகு கரையில் நடந்ததைச் சண்டை என்று சொல்லப் போதாது. அவர் ஆள் ஒருவன் என் கொண்டையைப் பிடித்துத் தரையில் இழுத்தான். பொன்னி துடுப்பைச் சுழற்றினாள், அவன் முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உன் அண்ணன் கூடாரக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். போபாலிலிருந்து மகளோடு வந்திருந்த பல் டாக்டர், அத்தனை சாதுவான மனிதர், ஒருவனைத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டுத் தன் முன்பல்லைப் பறிகொடுத்தார். சுக்கான் பலகையால் அடித்தார்கள், கயிற்றால் விளாசினார்கள். யாரோ கால் இடறி அடுப்பைத் தள்ள, விரித்திருந்த பாய் ஒன்று பற்றிக்கொண்டது. அந்தப் பாய்க்குரிய படகும் சேர்ந்து எரிந்தது, உன்னுடையது இல்லை. ஃபைபர் எரிந்த கரும்புகை எல்லோருடைய தொண்டையையும் அடைத்த பிறகுதான் கைகள் தாழ்ந்தன. மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக, அடித்தவரும் அடிபட்டவரும் சேர்ந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள்.

செல்வியின் பாதம் தோலுரிந்து கிடந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, “அக்கா, படகு நிக்கக்கூடாது” என்றாள்.

படகளக்கும் பெரியவர் பச்சைச் சீட்டோடு வந்து நின்றார். கேரளத்துக்காரர், நியாயஸ்தர். “ஒரு பானை, ரெண்டு ஆள் வேணும் அம்மா. இப்ப ஒராள்தானே இருக்கு?” என்றார்.  பொன்னி உருண்டு கிடந்த பானையை நிமிர்த்தினாள். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் கையை என் முன்னே நீட்டினாள்.

“துன்னுக்கா.”

“விரதம்டீ.”

“சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். துன்னு.”

பாதி சாமை, பாதி சாம்பல். பல்லில் மணல் நறநறத்தது. தின்றேன், சேகர். உனக்காக எடுத்த விரதத்தை உன் விதிக்காக முறித்தேன். மிச்சத்தை அவள் தின்றாள். பெரியவர் சீட்டை ஒட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பொதுக்குழு. கட்டும் பிளாஸ்திரியுமாகக் கை தூக்கினார்கள். விதி பிழைத்தது, மயிரிழையில். தயாளன் கன்னத்தில் ஈரத்துணியோடு எழுந்து, தன் பக்கத்துப் படகுகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேறு சங்கம் தொடங்குகிறாராம். நம் சங்கம் பாதியாகிவிட்டது. இதை நான் மறைக்கவில்லை, ஆண்டறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். அந்த அகப்பையை மட்டும் சங்கச் செலவில் சேர்க்கவில்லை. அது என் சொந்தக் கணக்கு.

போகிற போக்கில் தயாளன் போலீசில் புகாரும் கொடுத்திருந்தார். நாங்களும் செல்வியின் காலுக்காகக் கொடுத்தோம். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, “இன்னாமா, அகில இந்தியச் சங்கத்து செகரட்டரி நீயா? ஆயுதம் இன்னா போடறது, கரண்டியா?” என்றார். “அகப்பைங்க, கொட்டாங்கச்சி அகப்பை” என்றேன். திருத்தி எழுதிக்கொண்டார். இரண்டு வழக்கும் நடக்கிறது. நடக்கட்டும்.

உனக்கென்று கடைசியாக வைத்திருந்தது இதுதான். பொதுக்குழு முடிந்ததும் செல்விக்குப் பதிலாக நான் போட்டிக்குப் படகில் ஏறினேன். இத்தனை வருடம் இந்தச் சங்கத்தை நடத்தியவள், ஒரு தடவைகூட மைனாவில் கால் வைத்ததில்லை. தண்ணீர் என்றால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும். புடவையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் மிதவைச் சட்டையை மாட்டி, முருகா என்று உட்கார்ந்தேன். பொன்னி சுக்கானைப் பிடித்தாள். நான் உட்கார்ந்த இடம் நீ உட்கார்ந்திருந்த இடம். பலகையில் உன் ரத்தக் கறை இன்னும் போகவில்லை.

நடுத்தண்ணீருக்குப் போனதும் மலையிலிருந்து அந்தக் காற்று வந்தது. அதே காற்றுதான், எனக்கு அதன் சத்தம் தெரியும். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

“குனிக்கா!”

குனிந்தேன். உன் பொட்டைத் தேடி வந்த கம்பு என் கொண்டையைத் தட்டிவிட்டுத் தலைக்கு மேலே போனது. அந்தப் பக்கம் போய் முட்டி, சங்கிலி போட்ட நாய் மாதிரி நின்றது. நான் நிமிர்ந்தேன். என்ன வெறி வந்ததோ, முஷ்டியை மடக்கி அதை ஓங்கிக் குத்தினேன். திரும்பவும் குத்தினேன். விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. “அடிக்கா, நல்லா அடி” என்றாள் பொன்னி, சுக்கானை விடாமல், அழுதுகொண்டே. போட்டியில் கடைசிப் படகாகத்தான் கரை சேர்ந்தோம். ஆனால் சேர்ந்தோம். செய்தி ஆஸ்பத்திரிக்குப் போனது. செல்வி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாளாம்.

கால் கட்டோடு அவளை நேராக என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். பொன்னியும் மூட்டையோடு வந்துவிட்டாள். உன் வீட்டு அடுப்பை அணைத்தாகிவிட்டது. இப்போது இங்கே ஒரே பானைதான் ஏறுகிறது. உன் விதிப்படியே நான் உன் குடும்பம் ஆகிவிட்டேன், சேகர். இனி யாரும் என்னைக் கேட்க முடியாது, நீகூட.

சத்தியம் செய்து தருகிறேன். வருகிற தையிலும் உன் படகு கோமுகியில் இறங்கும், செல்வி அதில் இருப்பாள். நான் செயலாளராக இருக்கிறவரை எந்த மைனாவும் ஒற்றை ஆளோடு தண்ணீருக்குப் போகாது. அந்தக் கம்பு வீசும் ஒவ்வொரு தடவையும், குனி என்று கத்த ஒரே பானையில் சாப்பிட்ட ஒரு ஆள் பக்கத்தில் இருக்கும்.

இன்றைக்கு வத்தக்குழம்பு.

உன் அடுப்புக்காரி,
அண்ணி சரோஜா