விளையாடாத ஆட்டத்துக்கு வந்த தங்கப் பதக்கம்

அனுப்புநர்
சி. கனகலட்சுமி,
கிழக்குத் தெரு, அலங்காநல்லூர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
ஒருங்கிணைப்பு அலுவலர் அவர்கள்,
சிறப்புக் குழந்தைகள் விளையாட்டு ஊக்குவிப்புப் பிரிவு,
மதுரை.

பொருள்: சிறப்புக் குழந்தைகள் விளையாட்டு விழா – நடத்தப்படாத போட்டிக்காக என் மகளுக்கு அணிவிக்கப்பட்ட தங்கப் பதக்கத்தைத் திருப்பி அனுப்புதல் – பொய்ச் செய்தியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மரியாதைச் சொற்களைத் தாங்கள் விழா மேடையிலேயே வேண்டிய மட்டும் பெற்றுக்கொண்டதைக் கண்ணால் கண்டேன். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. என் மகள் திவ்யாவுக்குப் பதினொரு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பேச்சு மெதுவாக வரும். ஆனால் தெளிவாக வரும். அவள் ஆடும் விளையாட்டின் பெயர் போச்சியா. இத்துறையின் அலுவலராகிய தாங்கள் ஒலிபெருக்கியில் அதைப் 'பூச்சியா' என்று அறிவித்தபடியால், சிறிது விளக்க அனுமதி வேண்டுகிறேன். முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். ஒருவர் சிவப்புப் பந்துகளையும் மற்றவர் நீலப் பந்துகளையும் எறிவார்கள். வெள்ளைப் பந்தை நெருங்கி நிற்கும் பந்து யாருடையதோ அவர் வென்றவர். மேடையில் இருந்தவர்களுக்கும் புரியக்கூடிய விளையாட்டுதான்.

2. இதற்கான பந்துகள் கடையில் கிடைப்பதில்லை. தங்கள் அலுவலகத்தில் இருப்பதாக அறிந்து கேட்க வந்தபோது, அவை பார்வைக்கு மட்டுமே என்று சொல்லி அனுப்பினார்கள். எனவே பழைய சிவப்பு, நீலத் துணிகளில் கேப்பையை நிரப்பி நானே தைத்தேன். எலி கடித்தபோதெல்லாம் மறுபடியும் தைத்தேன். பள்ளி விட்டு வந்ததும் வாசலில் எறிந்து எறிந்து திவ்யாவின் இடது கை ஒருவாறு அவள் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. விழா அறிவிப்பு வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

3. விழா நாளன்று பந்தல் மேடைக்கு மட்டும் போடப்பட்டிருந்தது. புகைப்படத்தில் நன்றாகத் தெரிவார்கள் என்று குழந்தைகளை அதற்கு முன்னால் வெயிலில் வரிசையாக நிறுத்தினீர்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை யாரும் நகரக் கூடாது என்றீர்கள். வந்தபின் பேச்சு தொடங்கியது. ஒருவர் விடாமல் எல்லோரும் எங்கள் பிள்ளைகளைத் தெய்வக் குழந்தைகள் என்றார்கள். திவ்யா என் பக்கம் திரும்பி, "தெய்வம்னு சொல்றாக, ஏம்மா தண்ணி மட்டும் தர மாட்டேங்கிறாக?" என்று கேட்டாள். இதற்குப் பதில் தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும்.

4. பேச்சு முடிந்தபோது நேரமும் முடிந்துவிட்டது. விருந்தினருக்கு வேறு நிகழ்ச்சி இருந்ததால், போட்டிகளை விட்டுவிட்டுப் பதக்கங்களை மட்டும் போட்டுவிடலாம் என்று தாங்கள் முடிவெடுத்தீர்கள். விளையாட்டு விழாவில் விளையாட்டைத் தவிர மற்ற எல்லாம் சிறப்பாக நடந்தேறின. வரிசையில் இருந்த அத்தனை கழுத்துகளிலும் தங்கம் விழுந்தது. திவ்யா தன் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் வெளையாடவே இல்லையே சார், இது எதுக்கு?" என்று தங்களிடமே கேட்டாள். தாங்கள் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பாப்பா என்னம்மா சொல்லுது?" என்றீர்கள். நான் அவள் சொன்னதையே சொன்னேன். "அதான் மெடல் போட்டாச்சுல்ல. சந்தோசமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். காட்சி மேசையில் இருந்த போச்சியா பந்துகளும் தங்களுடனேயே ஏறிச் சென்றன.

5. அதன்பின் நடந்தது தங்களுக்குத் தெரியாது. மதுரை கே.கே. நகரிலிருந்து தன் மகன் ஜோவை அழைத்து வந்திருந்த ஆன்மேரி என்னும் ஆசிரியை என்னிடம் வந்தார். ஜோவும் சக்கர நாற்காலிதான். அவனும் போச்சியாவுக்காகவே வந்தவன். "பிள்ளைங்க ரெண்டும் வெளையாடத்தான வந்துச்சுங்க. நம்மளே நடத்திருவோம், வாங்க" என்றார். பந்தல் பிரிக்க வந்திருந்த மலைச்சாமி, "எம்புட்டு இடம் வேணும்னு சொல்லுங்கக்கா" என்று கேட்டு, அத்தனை இடத்தையும் காலி செய்து கொடுத்தார். என் பையில் கேப்பைப் பந்துகள் இருந்தன. வெள்ளைப் பந்து மட்டும் இல்லை. தங்கள் விருந்தினர் மேசையிலேயே விட்டுச் சென்ற எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டோம். அவரால் அன்று ஏற்பட்ட ஒரே பயன் அதுவாகும்.

6. ஆட்டம் கடைசிப் பந்துவரை போனது. திவ்யாவின் சிவப்புப் பந்து எலுமிச்சைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஜோ எறிந்த நீலப் பந்து அதை இடித்து விலக்கிவிட்டுப் பழத்தை ஒட்டி நின்றது. என் மகள் தோற்றாள். முகம் சிவந்து, கண்ணீர் வந்து, "இன்னொரு ஆட்டம் வாடா, ஒன்னைய விட மாட்டேன்" என்று கத்தினாள். அவன், "எத்தன ஆட்டம் ஆடுனாலும் நீ தோக்கத்தான் போற" என்றான். ஐயா, என் மகளைப் பார்த்து ஐயோ பாவம் என்றவர்கள் உண்டு, தெய்வம் என்றவர்கள் உண்டு. போட்டிக்கு இழுத்து வம்பு பேசிய முதல் ஆள் அந்தப் பையன். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. வீடு திரும்பும் பேருந்தில் திவ்யா கையை எறிவதுபோல் அசைத்துக்கொண்டே வந்தாள்.

7. மறுநாள் செய்தித்தாளில், தங்கள் அலுவலகம் கொடுத்த படத்தின் கீழே, 'போச்சியாவில் தங்கம் வென்ற சிறுமி திவ்யா' என்று இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, "நான் தோத்தது ஜோவுக்குத் தெரியும். இதப் பாத்தா என்னைய என்னன்னு நெனப்பான்?" என்று அழுதாள். தோற்றபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

ஆகவே, பதக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். நடக்காத போட்டிகள் நடந்ததாகக் கொடுத்த செய்தியைத் திருத்தி, என் மகள் எந்தப் பதக்கமும் வெல்லவில்லை என்று அதே செய்தித்தாளில் வெளியிட வேண்டும். பூட்டி வைத்துள்ள பந்துகளைப் பிள்ளைகள் வாங்கிப்போய் விளையாட வழி செய்ய வேண்டும். இனி விழா எடுத்தால், முதலில் போட்டிகளை நடத்திவிட்டு, தெம்பு மிச்சமிருந்தால் அதன்பின் பேசிக்கொள்ளவும்.

வரும் மாதம் முதல் ஞாயிறு காலை, ஆன்மேரி அவர்கள் வேலை பார்க்கும் பள்ளி மைதானத்தில் திவ்யாவுக்கும் ஜோவுக்கும் மறு ஆட்டம். வேறு பிள்ளைகளும் வருகிறார்கள். தாங்களும் வரலாம். மேடை கிடையாது, மாலை கிடையாது. பந்து பொறுக்கிக் கொடுக்க ஆள் குறைகிறது.

நாள்: 17.02.2025
இடம்: அலங்காநல்லூர்

இப்படிக்கு,
ஆட்டக்காரி திவ்யாவின் தாய்,
சி. கனகலட்சுமி

இணைப்பு: தங்க நிறப் பதக்கம் ஒன்று.