தொண்ணூத்தொம்பதுல நிக்கிற டிஸ்க்கு

என்னங்க,

கம்ப்யூட்டர் ஹேங் ஆகல. அதுல ஓடுற லினக்ஸ் மேலயும் தப்பு இல்ல. கடை கேமரா வீடியோவ டிஸ்க்குல எழுதி முடிக்கிறப்போ தொண்ணூத்தொம்பது பர்சென்ட்ல கொஞ்ச நேரம் அசையாம நிக்கும், அவ்ளோதான். நீங்கதான் ஒவ்வொரு வாட்டியும் சுவிட்ச அணைச்சிட்டு, "எழுத மாட்டேங்குது, கேச வுட்டுடு"ன்னீங்க.

உங்க அண்ணன் என் தையல் கடைப் பூட்ட உடைச்சது கேமராவுல அப்டியே கீது. வுடமாட்டேன். டிஸ்க்க எடுத்துகினு பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போறேன்.

குஸ்கா ஹாட்பாக்ஸ்ல கீது. ஊட்டுச் சாவிய பக்கத்து ஊட்டு ஷம்ஷாத் அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க.

ஷாகிதா

இன்னொண்ணு: உங்க அண்ணனோட வக்கீலுக்குக் குடுக்க வேண்டிய காப்பி இப்போ எழுதிகினு கீது. நடுவுல அணைக்காம, டிஸ்க்கு வெளிய வந்ததும் நீங்களே கோர்ட்டுக்குக் கொண்டாங்க. இதுவரைக்கும் தெரியாமதான் அணைச்சீங்கன்னு நெனச்சிக்கிறேன். இனிமே நெனைக்க மாட்டேன்.