காருக்கு முதலில் பெயர் வைத்தவள்

1972 மார்ச் 6, இபாடான்
எங்கள் மொழி அகராதியில் இன்னும் பதினொரு சொற்கள் பாக்கி. காருக்கு நாம் சொல்லும் ‘அயோகெலெ’ அதில் ஒன்று. ஓசையில்லாமல் நழுவி வருவது என்று பொருள். அது குழந்தைக்கும் தெரியும். முதலில் சொன்னது யார்? அதுதான் வேண்டும். வழக்கம்போல் டிரைவர் லமிடி முந்தின நாளே போய் ஆட்களைத் தேடி வைப்பான்.

மார்ச் 9, ஓயோ
கிடைத்துவிட்டது! சுரைக்குடுக்கை செதுக்கும் ஒருவர் சொன்னார். சாயக்காரி ஒருத்தி சாலையில் துணி உலர்த்தியிருந்தாள். ஊர் டாக்டரின் கார் பின்னால் வந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. துணியெல்லாம் டயர் தடம். “அயோகெலெ!” என்று கத்தினாளாம்.

மார்ச் 14, இசெயின்
அதே துணி, அதே டாக்டர். சாயக்காரி மட்டும் இந்த நெசவாளியின் அத்தையாகிவிட்டாள்.

மார்ச் 16, ஒக்போமோஷோ
மூன்றாவது முறை! எனக்கு முன்னால் இவர்களைப் பார்த்தவன் லமிடி ஒருவன்தான். அவனே கதையைச் சொல்லிக்கொடுத்து வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் அல்லவா? அவனிடமே கேட்டுவிட்டேன்.
“எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தாம்மா தெரியும், கதை விடத் தெரியாது” என்று சிரித்தான். திருட்டு முழி.

மார்ச் 20
லமிடி கதை கட்டிக் கொடுக்கிறான் என்று அகராதி இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தேன். “திருமதி ஃபோலாரின், நல்லா யோசிச்சீங்களா?” என்றார். லமிடியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 27, ஷாகி
பேருந்தில் தனியாகப் போனேன். பானைக்காரி வாயைத் திறந்தாள் — சாலையில் துணி, டாக்டர் கார். இடைமறித்துக் கேட்டேன்.
“யாரு சொன்னது உங்களுக்கு, அக்கா?”
“நீங்கதான்! ஆறு வருஷம் முந்தி ரேடியோவுல. உங்க குரல் தெரியாதா எனக்கு? விருந்தாளி சொன்னதை அவங்க மூஞ்சிக்கு நேராவே மாத்திச் சொல்றது மரியாதையா?”
அப்போது ரேடியோவில் வாரம் ஒரு கதை கட்டினேன்; எதுவும் இன்று நினைவில்லை. நேரத்தை நிரப்ப வேண்டுமே. என் சோற்றையே எனக்குப் பரிமாறியிருக்கிறார்கள். ஐயோ, பாவி நான்.

மார்ச் 29
‘முதலில் சொன்னவர் தெரியவில்லை’ என்று அகராதியில் எழுதினேன். லமிடியைத் திரும்ப எடுக்கச் சொன்னேன்; அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம்.

ஏப்ரல் 2
லமிடி வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. “வேலை போனாப் போகுதும்மா. தெருவுல எல்லாரும் என்னைப் பொய்யன்ங்கறாங்க. நீங்க ரேடியோவுல சொன்னா நம்புவாங்க.”
சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 4
பழைய ரேடியோ நிலையத்தில் பத்து நிமிடம் கெஞ்சி வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் பெயரோடு, என் பெயரோடு.
வெளியே வந்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கொடுத்தார்.
“அருமையான கதைம்மா. அந்த டிரைவருக்கு லமிடின்னு பேரு வெச்சீங்க பாருங்க, அப்படியே நிஜம் மாதிரி!”